நினைவு மலரின் முதல் பக்கம்

குன்னூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கங்களில் கைப்பட எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

"எனக்கு வயது 57. என் கணவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற கார்த்திகையில், கோவையில் ஒரு மருத்துவமனையில் 19 நாட்கள் கிடந்து, நுரையீரல் பாதிப்பால் காலமானார். அடுத்த மாதம் வருஷத் திதி. அன்று வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் அச்சிட வேண்டும் என்கிறாள் மகள். முதல் பக்கத்தை நான்தான் எழுத வேண்டுமாம். பேனாவை எடுத்தால் அந்த 19 நாட்கள்தான் வருகின்றன. ஆக்சிஜன் குழாய் வருகிறது, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன அவருடைய கை வருகிறது. 33 ஆண்டுகள் கூட வாழ்ந்த மனிதரின் முகம் வரவில்லை. ஒருநாள் இரவு, மகன் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, 'அவன் சாப்பிட்டானா கேள்' என்றார். மறுநாளிலிருந்து பேச்சு இல்லை. அந்த மகன் இப்போது அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். ரயில்வே தேர்வு எழுதாமல் பெங்களூருக்கு வேலைக்குப் போனதற்காக அவனோடு ஒன்றரை ஆண்டு பேசாமல் இருந்தவர் அவர். பிறகு பேசினார்கள், ஆனால் அந்த விஷயத்தை இருவரும் எடுக்கவே இல்லை. காலையில் இன்னமும் இரண்டு டம்ளர் டீ ஊற்றிவிடுகிறேன். பத்தரை மணி வாக்கில் ரயில் கூவினால் கை வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன். சில இரவுகளில் அவர் இருமுவது கேட்கிறது. இரத்த அழுத்த மாத்திரை பல நாள் மறந்துபோகிறது. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டாம், நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று மகள் கேட்கிறாள். நாத்தனாரோ, துணிமணிகளையெல்லாம் கொடுத்துவிடு, இப்படி நினைத்துக்கொண்டே இருந்தால் அவர் ஆன்மா சாந்தி அடையாது என்கிறார். நான் செய்வது தவறா? கோபக்காரரான அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது பொய்யாகாதா?"

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் செய்வது தவறில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வர வேண்டும். ஏனென்றால், தவறோ என்ற அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் இந்தப் பதினொரு மாதங்களும் நீங்கள் நடமாடியிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. 33 ஆண்டுகள் விடியற்காலைக் குளிரில் இரண்டு டம்ளர் ஊற்றிப் பழகிய கை, அவர் இல்லை என்ற செய்தி மனத்துக்கு எட்டுவதற்கு முன்பே இரண்டை எடுத்து வைத்துவிடும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது டம்ளரை நீங்களே குடிக்கலாம், அப்படியே வைத்திருந்து பிறகு கழுவலாம். அதற்காக யாரும் உங்களைக் கண்டிக்க வேண்டியதில்லை.

இருமல் கேட்பதும் அப்படித்தான். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மருத்துவராக இருந்த டூயி ரீஸ் என்பவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை நேரில் கண்டு பேசி, 1971-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், இறந்த துணை அருகில் இருப்பதுபோல் ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள், சிலர் உருவத்தைக் கண்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் எழுதவாவது செய்தீர்களே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இது புத்தி பேதலிப்பு அன்று. நெடுநாள் கூட வாழ்ந்தவரின் ஓசைக்குப் பழகிய காது, அந்த ஓசையை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார் சொன்னதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். அவரும் அண்ணனை இழந்தவர். கண்ணில் படும் ஒவ்வொரு சட்டையும் அவரையும் வதைக்கக்கூடும், அதனால்தான் எடுத்துவிடச் சொல்கிறாரோ என்னவோ. ஆனால் நினைத்தால் சாந்தி கிடைக்காது என்பதற்கு நம் வழக்கத்திலேயே ஆதாரம் இல்லை. பதினாறாம் நாளோடு நாம் கதவைச் சாத்திவிடுவதில்லை. வருஷத் திதி வருகிறது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் புரட்டாசியில் மகாளய அமாவாசையும் வருகின்றன. அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டு, காக்கைக்கு வைத்து, அது வந்து எடுக்கும்வரை வாசலில் காத்து நிற்கிறோம். இது மறக்கச் சொல்லும் மரபு அன்று. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களிடமும் கோத்தர்களிடமும், இறந்தவுடன் ஒரு சடங்கும், நாள் பல கழித்து ஊர்கூடி இன்னொரு சடங்கும் செய்யும் வழக்கம் இருந்திருக்கிறது. ஒரு மனிதரை வழியனுப்ப ஒரு நாள் போதாது என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும்.

இந்த விஷயத்தில் மனநல ஆலோசகர்களான எங்கள் தொழிலுக்கும் ஒரு பழைய பிழை உண்டு. அதில் எனக்கும் பங்கு உண்டு. இறந்தவர்மீது வைத்த பற்றை மனம் சிறுகச் சிறுக விலக்கிக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் உளவியல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டு எழுதியதை ஒட்டி, பல தலைமுறை ஆலோசகர்கள் 'விட்டுவிடுங்கள், முன்னே நகருங்கள்' என்றே சொல்லிவந்தார்கள். அதே பிராய்டு, 1920-இல் தம் மகள் சோஃபியைப் பறிகொடுத்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை வேறு எதனாலும் நிரப்ப முடியாது, அப்படி இருப்பதே சரி என்ற கருத்தைத்தான் சொன்னார். இறந்தவரோடு உள்ள உறவு முடிவதில்லை, அது வேறு வடிவம் கொள்கிறது என்பதை 1990-களில்தான் ஆய்வாளர்கள் உரக்கச் சொல்லத் தொடங்கினார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், கணவருடைய கம்பளியை யாருக்காவது கொடுத்துவிட்டால் மனம் லேசாகும் என்று சொன்னேன். கொடுத்துவிட்டு வந்து, அன்றிலிருந்து தூக்கமே இல்லை என்று அழுதார். அந்தக் கம்பளியைத் திரும்ப வாங்கித்தர என்னால் முடியவில்லை. ஆகவே உங்கள் கணவருடைய பொருள்களைப் பற்றி நான் சொல்வது ஒன்றுதான்: எதை, எப்போது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். திதிக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிசம்பர் குளிருக்கு அவருடைய ஸ்வெட்டரை நீங்களே போட்டுக்கொண்டாலும் சரிதான்.

இனி அந்த 19 நாட்கள். பயமும் தூக்கமின்மையும் சேர்ந்த நாட்களை மனம் மற்ற நாட்களைப்போல் பதிவதில்லை. மருந்து வாடை, கருவியின் ஓசை, கட்டிலின் கம்பி என்று ஒவ்வொன்றையும் ஆழமாகக் கீறி வைத்துக்கொள்கிறது. சாதாரண நாட்களோ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எது எந்த நாள் என்று பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. அதனால்தான் 33 ஆண்டுகளைத் தேடிப் போகும்போதெல்லாம் 19 நாட்கள் வாசலில் குறுக்கே நிற்கின்றன. அவர் முகத்தை நீங்கள் மறந்துவிடவில்லை. குறுக்கே நிற்பதற்கு முதலில் ஓர் இடம் கொடுங்கள். மலருக்கான தாளைத் தொடுவதற்கு முன், ஒரு பழைய நோட்டில், யாருக்கும் காட்டத் தேவையில்லாமல், மருத்துவமனை நாட்களை மட்டும் எழுதுங்கள். முன்பே அழைத்துப் போயிருக்கலாமோ என்ற எண்ணம் உங்களை அரித்துக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுங்கள். இதனால் துயரம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வழிவிடும்.

மலரை அவர் பிறந்த தேதியிலிருந்தும் தொடங்க வேண்டாம், காலமான தேதியிலிருந்தும் தொடங்க வேண்டாம். ஒரு வேலை நாளிலிருந்து தொடங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கணவரைப் போன்ற ஒருவரை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ரயிலில் இன்ஜின் முன்னால் இருப்பதில்லை; கடைசியில் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கல்லாற்றுக்கு மேல் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் பாதையில், நடுவே பதித்த பல் தண்டவாளத்தைப் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும்போது, ஓட்டுநருக்கு எதிரே தெரிவது பெட்டிகள்தான், பாதை இல்லை. முதல் பெட்டியின் முகப்பில், மழைக்கும் மஞ்சுக்கும் முகத்தைக் கொடுத்தபடி, கையில் கொடியோடு நிற்கும் மனிதர்தான் அவருக்குக் கண். பாறை உருண்டு கிடக்கிறதா, வளைவுக்கு அப்பால் யானை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். ஹில்குரோவ் நிலையம் தாண்டி மூடுபனிக்குள் ரயில் நுழைந்தபோது, நாங்கள் குழந்தைகள் எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, அந்த மனிதர் மட்டும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரமான காக்கித் துணி ஒட்டிக்கொண்ட அந்த முதுகு எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. அவர் உங்கள் கணவராக இருந்திருக்க வாய்ப்பில்லை, ஆண்டுக் கணக்கு ஒத்துவராது. ஆனால் உங்கள் கணவரும் அப்படித்தானே நின்றிருப்பார்?

அந்தப் பாதையின் வரலாற்றில், 1899-இல் குன்னூர் வரை வந்தது, 1908-இல் உதகைக்கு நீண்டது, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்று ஆண்டுகள் இருக்கின்றன. 16 குகைகள், 250 பாலங்கள் என்று எண்ணிக்கையும் இருக்கிறது. முகப்பில் நின்றவர்களின் வரலாறு அவரவர் வீட்டில்தான் இருக்கிறது. டூட்டிக்குப் புறப்படும் நாளில் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், வெந்நீர் வைத்தது யார், சாப்பாட்டு டப்பாவில் என்ன வேண்டாம் என்பார், கொடிகளை எப்படிச் சுருட்டி வைப்பார், பிரேக் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கையில் காய்த்துப்போன இடம் எது, திரும்பி வந்ததும் கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை எதைப் போட்டுத் தேய்த்தார், 2009 நவம்பரில் மலையெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட அந்த மழை நாட்களில் அவர் வீட்டில் இருந்தாரா, பாதையில் இருந்தாரா — இவற்றில் மூன்றுக்கு விடை எழுதிப் பாருங்கள், முகம் தானாக வரும். உங்களுக்குத் தெரியாத பாதி அவருடன் வேலை பார்த்தவர்களிடம் இருக்கும். நான்கைந்து பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, டீயும் வர்க்கியும் வைத்து, பேசச் சொல்லுங்கள். மகள் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். வீட்டில் வாய் திறக்காத மனிதர் ஷெட்டில் பாட்டுப் பாடுபவராக இருந்திருக்கலாம். கணவரைப் பற்றி அவர் போன பிறகு புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வது சிறிய ஆறுதல் அன்று.

அடுத்து அவருடைய கோபம். நீலகிரியில் வாழும் படகர் சமூகத்தின் இறுதிச் சடங்கில் ஒரு வழக்கம் உண்டு: பெரியவர் ஒருவர் நின்று, எல்லைக் கல்லை நகர்த்தியது முதலாக, மனிதர் செய்யக்கூடிய பிழைகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, கூடியிருப்பவர்கள் இறந்தவருக்காக மன்னிப்பு வேண்டுவார்கள். நேர்மையாக வாழ்ந்தவர் என்று பெயரெடுத்தவருக்கும் அதைச் சொல்வார்கள். குறையைச் சொல்வது இறந்தவருக்கு அவமரியாதை என்று அவர்கள் நினைக்கவில்லை; குறையோடு சேர்த்துத்தான் அவரை அனுப்பிவைக்கிறார்கள். உங்கள் மலரிலும் அவர் பிடிவாதக்காரர், முன்கோபி என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த ஒரு வரி இருந்தால்தான் அவரை அறிந்தவர்கள் மற்ற வரிகளையும் நம்புவார்கள். ஆனால் உண்மை முழுவதும் அச்சில் ஏற வேண்டியதில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த அந்த ஒன்றரை ஆண்டு மகனுக்குச் சொந்தமானது. அவன் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லும் அதைப் பற்றி எழுதாதீர்கள்.

அவனைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகக் கவலை என்று புரிகிறது. எழுந்து போய்விடுவதால் அவனுக்குத் துக்கம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மற்றவர்கள் அப்பாவை இழந்தார்கள். அவன் அப்பாவையும், என்றாவது ஒருநாள் பேசித் தீர்த்துவிடலாம் என்று வைத்திருந்த பேச்சையும் சேர்த்து இழந்திருக்கிறான். எதிரே உட்காரவைத்து 'அப்பாவைப் பற்றிப் பேசு' என்றால் வராது. அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். மலருக்குப் பழைய புகைப்படங்களைத் தேடித் தரச் சொல்லலாம்; ஓய்வூதியத் தாள்களைப் பார்த்து, அப்பா பணியில் சேர்ந்த தேதியையும் ஓய்வு பெற்ற தேதியையும் சரிபார்த்துத் தரச் சொல்லலாம். தாள்களைப் புரட்டும் கை எங்காவது நிற்கும். நிற்கும்போது நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயில் நின்றுவிடுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் முன்பதிவு செய்து, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பிற்பகல் ரயிலில் அவனோடு ஒரு முறை போய்வாருங்கள். முகத்துக்கு முகம் பேச முடியாதவர்கள், தோளோடு தோள் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வரும்போது பேசிவிடுவார்கள். என் அனுபவத்தில் ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒன்று கேட்கிறேன். 'அவன் சாப்பிட்டானா கேள்' என்று அவர் சொன்னதை அவனிடம் சொல்லிவிட்டீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லுங்கள், அம்மா. அப்பா உன்னை மன்னித்துவிட்டார் என்றெல்லாம் விளக்கம் சேர்க்காமல், அவர் சொன்ன சொல்லை மட்டும், எந்த இரவு, அவன் எங்கே நின்றிருந்தான் என்பதோடு சொல்லுங்கள். மருத்துவமனை நாட்களில் குழாயும் ஊசியும் மட்டும் இருக்கவில்லை என்பது அப்போது உங்களுக்கும் தெரியும்.

மகளிடம் சொல்லுங்கள்: அந்த ஐந்து கட்டங்களை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் எழுதியபோது, தீராத நோயில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் கண்டதைத்தான் எழுதினார், பின்னால்தான் அது துக்கப்படுபவர்கள் எல்லோருக்கும் ஏணிப்படிபோல் ஆகிவிட்டது. நீங்கள் எந்தப் படியிலும் இல்லை. ஒருநாள் அழுவீர்கள், மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நின்று சிரித்துப் பேசுவீர்கள், அன்று மாலை மறுபடி அழுவீர்கள். இப்படிப் போய்ப் போய் வருவதுதான் இயல்பான துக்கம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 1999-இல் விளக்கியிருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் காண்பதும் அதுவே.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடுவது ஆபத்து. இரண்டாவது டம்ளரை வைக்கும் இடத்திலேயே மாத்திரை அட்டையை வையுங்கள். இந்த வாரமே அரசு லாலி மருத்துவமனைக்குப் போய் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். ஓராண்டு கடந்த பிறகும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஏக்கம் சற்றும் தணியாமல், சமையலும் குளியலும்கூட முடியாமல், வாழ்வதில் பொருளே இல்லை என்ற எண்ணம் நிலைத்துவிட்டால், அது சிகிச்சை வேண்டிய நிலை. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி எனக்குத் தென்படவில்லை. ஆயினும், இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் ஓர் இரவு வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலிமானஸ் என்ற அந்த அரசு உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

முதல் பக்கத்தை எழுத வரவில்லை என்கிறீர்கள். நான்காம் பக்கத்தின் ஓரத்தில், கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டு, நீங்கள் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை நான் அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "இந்த மேஜையின் ஒரு கால் ஆடும். அவர் இருந்தவரை பழைய ரயில் டிக்கெட் அட்டையை மடித்து அடியில் சொருகி வைப்பார், மாதக் கணக்கில் நிற்கும். நான் எத்தனை மடித்து வைத்தாலும் இரண்டு நாளில் நழுவிவிடுகிறது. அவர் எப்படி மடித்தார் என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை." மலர் இங்கிருந்து தொடங்கட்டும். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.